வெளிநாட்டு நன்கொடையாளர் முகவரிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்கொடையாளர் தரவுத்தளத்தைப் பராமரிக்கப் புதிதாக வருபவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் வெளிநாட்டு முகவரிகளில்தான். ஆளுக்கொரு விதமாகக் கிடக்கும் அந்த வரிகளைப் பார்த்ததும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்ற வேகம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. எழுத்துப் பிழை, இரட்டை இடைவெளி, விடுபட்ட காற்புள்ளி ஆகியவற்றை அவர்களே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஆட்கள் மாறினாலும் மாறாமல் நடக்கும் தவறுகளே இங்கே பேசப்படுகின்றன.

மூல முகவரியின் மேலேயே எழுதுவது

மற்ற தவறுகளைத் திருத்திவிடலாம், இதைத் திருத்த முடியாது. நன்கொடையாளர் எழுதிக் கொடுத்த முகவரி இருக்கும் புலத்திலேயே (தரவுத்தளத்தில் ஒரு தகவலுக்கான தனி இடம்) தரப்படுத்திய வடிவத்தையும் பதிந்துவிட்டால், நாம் பயன்படுத்திய விதி தவறானது என்று பின்னர் தெரியவரும்போது ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒரு தொண்டு நிறுவனத்தில், அமெரிக்க முகவரிகளுக்காக எழுதப்பட்ட விதிகளை முழு அட்டவணையின் மீதும் ஓட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரீட்’, ‘செயின்ட்’ இரண்டுக்கும் சுருக்கம் ஒன்றே. அந்தச் சுருக்கத்தை எங்கே கண்டாலும் தெரு என்றே விரித்த விதியால், கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரம் ‘ஸ்ட்ரீட் ஜான்ஸ்’ ஆகிவிட்டது. சிரித்துவிட்டுத் திருத்திவிடக் கூடிய பிழைதான் அது. ஆனால் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கமாகவே இருக்க வேண்டும் என்ற இன்னொரு விதி, சிங்கப்பூரின் ஆறு இலக்கக் குறியீடுகளில் கடைசி இலக்கத்தை வெட்டியெறிந்திருந்தது. அங்கே அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு உண்டு என்பதால், வெட்டுப்பட்டது கட்டடத்தின் அடையாளமே. நெதர்லாந்துக் குறியீடுகளில் நான்கு இலக்கங்களை அடுத்து வரும் இரண்டு எழுத்துகளும் அதே ஓட்டத்தில் காணாமற்போயின.

‘காப்புப் பிரதி இருக்கிறதே’ என்ற பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இந்தப் பிழை, பட்டுவாடா ஆகாத நன்றிக் கடிதங்களும் ரசீதுகளும் திரும்பி வரும்போதுதான் வெளிப்படும். கடல் கடந்து போன தபால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பழைய காப்புப் பிரதிகள் சுழற்சியில் அழிந்திருக்கும். அழியாமல் இருந்தாலும், இடைப்பட்ட காலத்தில் பலர் முகவரி மாறியிருப்பார்கள், புதியவர்கள் சேர்ந்திருப்பார்கள். ஆகவே பழைய அட்டவணையை அப்படியே மீட்டெடுக்கவும் இயலாது. கடிதம் கிடைக்காத நன்கொடையாளரோ, தம்மை மறந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு பேசாமல் விலகிவிடுவார்.

ஆகவே, வந்த முகவரியை வந்தபடியே ஒரு புலத்தில் பூட்டி வையுங்கள். அது எப்போது, எந்த வழியாக வந்தது என்பதையும் உடன் குறியுங்கள். தெரு, நகரம், அஞ்சல் குறியீடு எனப் பிரித்தெடுத்தவை வேறு புலங்களில் இருக்கட்டும். மனிதர் ஒருவர் சரிபார்த்த முகவரிக்குத் தனி அடையாளம் இடுங்கள். இல்லாவிட்டால், பாடுபட்டுத் திருத்தியதை அடுத்த தானியங்கி ஓட்டம் மறுபடியும் கெடுத்துவிடும். கூடுதலாக ஓர் உரைப் புலம் வைப்பதற்கு ஆகும் இடம், இக்காலக் கணினிகளில் ஒரு பொருட்டே அல்ல.

அஞ்சல் குறியீட்டை எண்ணாகக் கருதுவது

பாஸ்டனின் 02108, டிரெஸ்டனின் 01067, நீஸ் நகரின் 06000 ஆகியவற்றை விரிதாளில் திறந்த மாத்திரத்தில் முன்னால் உள்ள சுழியம் மறைந்துவிடும். கோப்பை உள்ளிடும்போதே அந்த நெடுவரிசையை உரை என்று அறிவித்துவிட வேண்டும். நான்கு இலக்கக் குறியீட்டைக் கண்டதும் சுழியம் சேர்க்க ஓடாதீர்கள். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் நான்கு இலக்கமே முறையானது. ஆஸ்திரேலியாவிலும் நான்குதான் என்றாலும், டார்வினின் 0800 அங்கே சுழியத்தை இழந்து 800 ஆகியிருக்கும்.

எல்லோரிடமும் எல்லாப் புலங்களையும் கட்டாயமாகக் கேட்பது

ஹாங்காங்கிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அஞ்சல் குறியீடு கிடையாது. அயர்லாந்து நாடு முழுவதற்குமான குறியீட்டை 2015இல்தான் கொண்டுவந்தது. கட்டாயப்படுத்தினால் உங்களுக்குக் கிடைப்பது 00000 மட்டுமே.

மாநிலக் குறியீட்டை நாட்டுக் குறியீடாகப் படிப்பது

‘சிஏ’ கலிபோர்னியாவாகவும் இருக்கலாம், கனடாவாகவும் இருக்கலாம். ‘டிஇ’ டெலவேராகவோ ஜெர்மனியாகவோ இருக்கலாம். ‘ஐஎல்’ இல்லினாயையும் குறிக்கும், இஸ்ரேலையும் குறிக்கும். நாட்டுக்குத் தனிப் புலம் வைத்து, நாட்டுக் குறியீடுகளுக்கான சர்வதேசத் தரமாகிய ஐஎஸ்ஓ 3166 பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். அந்தப் பட்டியலில் பிரிட்டனுக்குரிய ஈரெழுத்துக் குறியீடு ‘ஜிபி’யே தவிர ‘யூகே’ அல்ல.

எல்லா நாட்டுக்கும் ஒரே வரிசையில் அச்சிடுவது

ஜெர்மனியில் வீட்டு எண் தெருப் பெயருக்குப் பின்னும், அஞ்சல் குறியீடு நகரத்துக்கு முன்னும் வரும். ஹங்கேரியில் தெருவுக்கு மேலே நகரத்தை எழுதுவது மரபு. ஜப்பானிய எழுத்தில் எழுதினால் பெரிய பகுதியில் தொடங்கிச் சிறியதில் முடியும். ரோமன் எழுத்துக்கு மாறினால் அந்த வரிசை தலைகீழாகும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்42 தரம் இதற்காகவே உருவாக்கப்பட்டது: முகவரியின் உறுப்புகளைத் தனித்தனியே சேமித்துவைத்து, அச்சிடும்போது அந்தந்த நாட்டின் வார்ப்புருவைப் பொருத்த வேண்டும். உறையின் கடைசி வரியில் நாட்டின் பெயர், அனுப்பும் நாட்டு அஞ்சல்காரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

எழுத்தின் மேலுள்ள குறிகளை உதிர்ப்பது

é, ü போன்ற எழுத்துகளின் மேலுள்ள குறிகள் பெயரின் பகுதியே, அவற்றை நீக்காதீர்கள். கோப்பை உள்ளிடுவது முதல் அச்சிடுவது வரை, எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தையே பயன்படுத்துங்கள்.

முகவரி ஒன்றென்றால் ஆளும் ஒன்றென்று இணைப்பது

தரப்படுத்தி முடித்ததும் பலருக்கு வரும் அடுத்த ஆசை இது. அமீரகத்தில் தபால் பெரும்பாலும் அஞ்சல் பெட்டி எண்ணுக்கே போகிறது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் பலரும் முதலாளியின் பெட்டி எண்ணையே கொடுப்பார்கள். முகவரியை மட்டும் நம்பி இணைத்தால், தொடர்பில்லாத பலரின் நன்கொடைகள் ஒருவர் கணக்கில் ஏறிவிடும். பெயரும் மின்னஞ்சலும் பொருந்திய பிறகே இணையுங்கள். இணைத்ததைப் பிரிக்கும் வழியையும் முன்கூட்டியே வைத்திருங்கள்.