கல்யாணத்துக்கு முன் பல்லை அழகாக்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கின் ரிசப்ஷனில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். எம்.சி. ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுத்த கையோடு, துணிப்பைகளைத் தூக்கிக்கொண்டே மாடியேறி வருவார்கள். "கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருக்குக்கா, பல்லு வரிசையா வெள்ளையா வரணும்." அந்த அவசரம்தான் வில்லங்கம்.

உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். டாக்டரின் பதிவு எண்ணை அங்கே மாட்டியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அது இருக்க வேண்டும். பல் மருத்துவர்களுக்கான 2014 நடத்தை விதிகள் சொல்வது இது. எண் இல்லையா, படியிறங்கிவிடுங்கள்.

அடுத்தது சம்மதப் படிவம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கேப் போட பல்லின் மேல் ஓடான எனாமலைச் சீவுவார்கள், பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடான வெனியருக்கும் பெரும்பாலும் அப்படித்தான். சீவியது திரும்ப வளராது. அதனால் எந்தெந்தப் பல், எவ்வளவு சீவுவார்கள், சீவாமல் வேறு வழி உண்டா, பின்னால் என்ன தொந்தரவு வரலாம் என்பதையெல்லாம் டாக்டரே உங்களுக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அது கர்ப்பப்பை அறுவை சிகிச்சை பற்றிய வழக்கு. ஆனால் ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்ற தீர்ப்பு பல்லுக்கும் பொருந்தும். நாலு பல்லுக்குக் கையெழுத்துப் போட்டால் நாலுதான். "பக்கத்துப் பல்லும் கோணலா இருந்துச்சு, சேர்த்துச் சீவிட்டேன்" என்பதெல்லாம் எடுபடாது. மரத்துப்போகும் ஊசி போட்டபிறகு பேனாவை நீட்டினால் வாங்காதீர்கள்.

நிறத்தையும் எழுதி வாங்குங்கள். ஏ2, பி1 என்று ஷேட் எண் இருக்கிறது. ப்ளீச்சிங் செய்தால் பழைய கேப்பும் ஃபில்லிங்கும் வெளுக்காது, சில நாள் பல் கூசும். இதையும் முன்கூட்டியே சொல்வது அவர் பொறுப்பு. அதற்காக, சிரிப்பு மனசுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது.

தப்பு நடந்துவிட்டால்? இன்னொரு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 

அப்புறம், உங்கள் சிகிச்சை விவரம் இருக்கும் ஃபைல். மூன்று வருஷம் அதைப் பாதுகாப்பதும், கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுப்பதும் டாக்டர் கடமை. காசிமேட்டுப் பெண் ஒருத்தி வேறொரு கிளினிக்கில் சம்மதித்ததற்கு மேல் இரண்டு பல்லைச் சீவிக்கொண்டு எங்களிடம் வந்தாள். வாயால் கேட்டபோது "நாளைக்கு வாம்மா" என்று நாலு தடவை அலையவிட்டார்களாம். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மூன்றாம் நாள் எக்ஸ்ரேயோடு மொத்த ஃபைலும் அவள் கையில்.