அம்மை போட்ட வீட்டுக்குள் மருந்தைக் கொண்டுபோவது எப்படி

வாசல் நிலையில் வேப்பங்கொத்து செருகியிருந்தால் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் 22 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். கால் கழுவாமல் போன வீட்டில் நான் சொன்ன ஒரு வார்த்தையும் ஏறியதில்லை. "என்ன நோய்?" என்றும் கேட்காதீர்கள். "ஆத்தா எப்ப வந்தா?" என்று கேளுங்கள். "செவ்வாக்கெழம முதுகுல ரெண்டு முத்து, நேத்து மூஞ்சியெல்லாம்" என்று பதில் வரும். டாக்டருக்கு வேண்டிய நாள் கணக்கும் அதுதான்.

அடுத்து, வீட்டார் செய்வதில் சரியானதைச் சரி என்று சொல்லுங்கள். நிறையவே இருக்கிறது. சின்னம்மை வைரஸால் வருவது. முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கி, கடைசி முத்தும் பொருக்குத் தட்டும்வரை பரவும். பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பது, வெளியாளை விடாதது, துணியைத் தினம் மாற்றுவது, இளநீரும் மோரும் கொடுப்பது எல்லாம் நானே சொல்லவேண்டியவை. அரிப்புக்கு நகத்தைவிட வேப்பிலையால் வருடுவது எவ்வளவோ மேல். அம்மை வீட்டில் நகம் வெட்டக்கூடாது என்றால் மெல்லிய துணியைக் கையில் சுற்றிவிடுங்கள். உடைந்த முத்தின் மேல் எதையும் அரைத்துப் பூச வேண்டாம். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

சிக்கல் மருந்தில்தான். "மருந்து குடுத்தா ஆத்தா கோவிச்சுக்குவா" என்பார்கள். எரிச்சல்படாதீர்கள். அந்தப் பயம் பெரியம்மை காலத்தது. இந்தியாவில் அது கடைசியாக வந்தது 1975இல். உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். அது வந்துவிட்டால் தீர்க்க அன்றைக்கு மருந்தே கிடையாது, கும்பிடுவது ஒன்றுதான் வீட்டார் கையில் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் வளர்ந்தவர்கள்தான் இன்றைய பாட்டிகள்.

ஒரு வீட்டில் ஆறு வயதுப் பேரனுக்கு 103 டிகிரி காய்ச்சல். அப்பத்தா பாராசிட்டமால் சிரப்பைத் தொடவிடவில்லை. சமயபுரத்தாள் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் நமக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாளே, துள்ளு மாவும் நீர்மோரும் பானகமும்தானே அவளுக்கு என்று பேச்சு அந்தப் பக்கம் போனது. நானும் அந்த விரதம் இருப்பவள். "சூட்டைத் தணிக்கத்தானே மோர் குடுக்குறீங்க அப்பத்தா? இதுவும் அதுக்குத்தான்" என்றேன். காய்ச்சலை இறக்கும் மருந்துதானே, அதில் பொய் இல்லை. அப்பத்தா பாட்டிலை வாங்கி மாரியம்மன் படத்தடியில் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். அப்புறம் மூடியில் இருந்த கோட்டை விரலால் தடவி, "இதுவரைக்குமா?" என்று கேட்டார்.

ஆஸ்பிரின் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோயை இழுத்துவிடலாம்.

இவ்வளவு தூரம் இறங்கிப் போகலாம். இறங்கக் கூடாத இடமும் உண்டு. கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, பிள்ளைப் பருவம் தாண்டிய பெரியவர்கள் என்றால் அன்றைக்கே டாக்டர். பெரியவர்களுக்கு அசைக்ளோவிர் மாத்திரை முத்து கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், நிற்காத வாந்தி என்றால் யாருக்கானாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒரு இளைஞர் "மூணாம் தண்ணி ஊத்திட்டுப் போறோம்" என்று, அம்மைக்குத் தலைக்கு ஊற்றும் மூன்றாவது தண்ணீருக்காகக் காத்திருந்து, நிமோனியாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்துவிட்டார். முதல் நாளே நான் அழுத்திச் சொல்லாதது இன்னும் உறுத்துகிறது. இப்போது அந்த இடத்தில் குரலை உயர்த்திவிடுகிறேன்.

பிள்ளைகள் "இது சாமியா, வைரஸா?" என்று கேட்டால் மழுப்பாதீர்கள். பாட்டி காதில் விழும்படியே வைரஸ் என்று சொல்லுங்கள். "அதையும் அனுப்புனது ஆத்தாதான்" என்றார் ஒரு பாட்டி. அதற்கு மறுப்பு என்னிடம் இல்லை, தேடவும் இல்லை. பேரனுக்கு மருந்து வேளை தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். பொருக்குத் தட்டாத முத்து ஒன்று இருந்தாலும் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம். அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் கூடியிருக்கும் நேரமும் அதுதான். சின்னம்மைத் தடுப்பூசி ஒரு வயதுக்கு மேல் இரண்டு தவணை, அரசு இலவசப் பட்டியலில் இல்லை, குழந்தை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நான் அங்கேதான் பேசுவேன்.