2 ஜிபி கிராபிக்ஸ் மெமரியில் கேம் திக்காமல் ஓட

கடலூர் வெயிலில் லேப்டாப் சூடாகித்தான் கேம் திக்குகிறது என்று நினைத்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் கொடுத்து ஃபேனைச் சுத்தம் செய்து வாங்கினேன். பலனில்லை. கார் ரேஸ் ஐந்து நிமிஷம் நன்றாக ஓடும், அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் உறைந்து நிற்கும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் ஜிபியுவை (கிராபிக்ஸ் கார்டை) பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: டெடிகேட்டட் மெமரி (கார்டுக்கே உரியது) 2 ஜிபியும் நிரம்பி, மிச்சம் ஷேர்டு மெமரிக்கு, அதாவது சாதாரண ரேமுக்கு வழிகிறது, அது கார்டின் சொந்த மெமரியைவிட ரொம்ப மெதுவு.

கேம் செட்டிங்ஸில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேல்பரப்பில் ஒட்டும் படங்களின் தரம்) மட்டும் ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்கினேன், பின்னால் திறந்திருந்த குரோமையும் மூடினேன். திக்கல் நின்றது! ரெசல்யூஷனில் முதலில் கை வைக்காதீர்கள், படம்தான் மங்கும், மெமரி அவ்வளவாக மிச்சமாகாது. ஷேடோவை அடுத்ததாகக் குறைத்துப் பாருங்கள்.