பந்தை விட்டு விசிலை எடுக்கும் அண்ணன்களுக்கு

முப்பத்தைந்தைத் தாண்டி முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஊர்ப் பையன்கள் வந்து நிற்பார்கள். "அண்ணே, இனிமே நீங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுங்க." சரி என்று தலையாட்டும் முன் பல்கேரியக் கால்பந்து வீரர் ஹிரிஸ்டோ ஸ்டோய்ச்கோவ் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1994 ஜூலை, உலகக் கோப்பை நேரம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டிவி முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தோம். அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடியும் ஒரு ஆட்டம்கூட வெல்லாத பல்கேரியா, அன்று ஜெர்மனியிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. 75-வது நிமிடம் ஸ்டோய்ச்கோவின் இடது கால் ஃப்ரீ கிக், தடுப்புச் சுவரைத் தாண்டி வலைக்குள் விழுந்தது. மூன்றே நிமிடத்தில் அவர் அணிக்காரர் லெச்கோவ் தலையால் முட்டி இன்னொன்று. அந்தத் தொடரில் ஸ்டோய்ச்கோவுக்கு ஆறு கோல், அந்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது. எனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதே மனிதர் 2004-இல் பல்கேரிய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2006 உலகக் கோப்பைக்கு அணி தகுதி பெறவில்லை. ஸ்டிலியன் பெட்ரோவ் மாதிரி முக்கியமான ஆளே, இவரிடம் ஆட மாட்டேன் என்று விலகினார். பிறகு திரும்பி வந்தார், அது வேறு விஷயம். 2007-இல் ஸ்பெயினின் செல்டா வீகோவுக்குப் போனார். அந்த சீசனில் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கடைசி நேரத்தில் போனவர் மேல் முழுப் பழியும் போடக் கூடாதுதான். ஆனாலும் காலில் இருந்த வித்தை வாயில் வரவில்லை.

ஆகவே முதல் வேலை, பயிற்சி நேரத்தில் நீங்கள் ஆடாதீர்கள். முதல் வருஷம் எல்லா ஃப்ரீ கிக்கையும் நானே அடித்துக் காட்டினேன். பையன்கள் கைதட்டினார்களே தவிர ஒருவனும் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது பந்துக்கு ஒரு சாண் தள்ளி, ஊன்றும் கால் விழ வேண்டிய இடத்தில் கோலமாவால் பாதம் வரைகிறேன். எதிரே நாலு மூங்கில் கழி நட்டால் அதுதான் தடுப்புச் சுவர். ஒருவனுக்கு இருபது பந்து. கால் அந்தக் கோட்டுக்கு வெளியே போனால் மாவே காட்டிக்கொடுத்துவிடும், நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

திட்டுவதானால் தனியாகத் திட்டுங்கள். எங்கள் இடது ஓரக்காரனை ஒருமுறை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். மறு மாதம் அவன் பக்கத்து ஊர் அணியில் ஆடி எங்களுக்கே இரண்டு கோல் போட்டான். இப்போதெல்லாம் வாய்க்கால் கரையில் கூடவே நடந்துபோய்த்தான் பேசுகிறேன்.

பந்து உயரமாக உள்ளே வரும்போது உயரத்துக்கு உயரம் ஆள் நிறுத்துங்கள். லெச்கோவ் முட்டியபோது அவரோடு எழும்பியவர் ஜெர்மனியின் குள்ளமான ஹெஸ்லர்.

இன்னொன்று. 1994 அணியின் பயிற்சியாளர் டிமிடர் பெனேவும் பழைய ஆட்டக்காரர்தான். 1966, 70, 74 என மூன்று உலகக் கோப்பைகளில் தடுப்பாட்டம் ஆடியவர். பின்னால் நின்று ஆடியவனுக்கு மொத்தத் திடலும் கண்ணுக்குத் தெரியும் என்பது என் கட்சி. முன்வரிசைக்காரர்கள் சண்டைக்கு வரலாம்; நானும் முன்வரிசைதான். அதனால் வாரம் ஒரு நாள் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, பேசாமல் பார்க்கிறேன்.

இடம்தான் தொல்லை. சம்பா அறுப்பை ஒட்டியே உளுந்து தெளித்துவிடுவார்கள், அதில் காலை வைத்தால் தோல் உரிந்துவிடும். உளுந்து எடுத்த பிறகு சித்திரை, வைகாசி மட்டும் வயல் நமக்கு. மேட்டூர் திறந்த சேதி வந்ததும் மூங்கில் கழிகளை நீங்களே பிடுங்கிக் கொட்டகையில் போட்டுவிடுங்கள். மறந்தால் நாற்றங்கால் விடுகிற பெரியவர் பையன்களை விட்டுவிட்டு உங்களைத்தான் தேடி வருவார்.