கடைசி ஆள் வந்தாச்சா? குழுவாகச் சைக்கிள் ரைடு போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, டீக்கடை முன்னால் சைக்கிள்களை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தபோது 17 பேர் இருந்தோம். பொள்ளாச்சியில் கிளம்பியது 17 பேரா, 18 பேரா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. டீ குடித்தோம், படம் எடுத்தோம், நாட்டுக்கல் பக்கம் கிளம்பிவிட்டோம். அரை மணி நேரம் கழித்து என் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. அப்போதுதான் இரண்டாவது முறையாக ரைடுக்கு வந்திருந்த கல்லூரித் தம்பி ஒருவர் நினைவுக்கு வந்தார். ஜமீன் ஊத்துக்குளி தாண்டி அவருக்குப் பஞ்சர். கையில் பம்பு இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து, வழியில் ஒரு தோப்புக்காரரிடம் போன் வாங்கிப் பேசினார். அவர் கோபப்படவே இல்லை. "பரவால்லீங்கண்ணா, நீங்க போங்க" என்றார். அதற்குப் பிறகு எந்த ரைடுக்கும் அவர் வரவில்லை.

அந்த ரைடை ஏற்பாடு செய்தவன் நான். இந்தப் பக்கத்தில், அதாவது பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு வரைக்கும், எல்லையின் இரண்டு புறமும் இப்போது சின்னச் சின்ன சைக்கிள் குழுக்கள் நிறைய முளைத்திருக்கின்றன. நான் செய்த தவறுகளை அவர்களும் முதலிலிருந்து செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தவறு ரைடுக்கு முந்தைய ராத்திரியே நடந்துவிடுகிறது. "நாளைக்கு யார் யார் வர்றீங்க?" என்று வாட்ஸாப்பில் கேட்போம். 25 கட்டைவிரல் வரும். காலையில் 14 பேர் வருவார்கள், விரல் காட்டாத 4 பேர் சேர்ந்துகொள்வார்கள். அந்தக் கட்டைவிரல்களை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கிளம்பும் இடத்தில் ஒரு தாளில் பெயர், கைபேசி எண், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு இன்னொரு எண் ஆகியவற்றை எழுதி வாங்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். அப்புறம் தலையை எண்ணி, எண்ணிக்கையை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும். "இன்னைக்கு 18 பேர்" என்று 18 பேருக்கும் தெரிந்தால், டீக்கடையில் ஒருவர் குறைவது யாராவது ஒருவர் கண்ணில் பட்டே தீரும்.

"ஈசி ரைடு" என்று மட்டும் அறிவிப்பது அடுத்த தவறு. ரோடு பைக் என்கிற வேகச் சைக்கிள் வைத்திருக்கும் ஒருவருக்கு 28 கிலோமீட்டர் வேகம் ஈசி. பட்டை டயர் போட்ட எம்டிபியில், அதாவது மலைச் சைக்கிளில், வருகிறவருக்கு 18 கிலோமீட்டரே பெரிய வேலை. இருவரும் அறிவிப்பைப் படித்துவிட்டு நம்பி வருகிறார்கள். தூரம், ஓடும்போது வேகம் எவ்வளவு, எத்தனை இடத்தில் நிற்போம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று நான்கையும் எண்ணாகவே சொல்லிவிடுங்கள். "45 கிலோமீட்டர், 20-ஐத் தாண்ட மாட்டோம், 2 இடத்தில் நிற்போம், 9:30-க்கு வந்துவிடுவோம்" என்று படித்தால், வரலாமா வேண்டாமா என்று அவரவரே முடிவு செய்துகொள்வார். வேகமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்குத் தனி ரைடு வைப்பதில் தப்பே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் தப்பு.

காற்றைக் கணக்கில் சேர்க்காமல் போவது

இந்த வட்டாரத்துக்கே உரிய தவறு இது. வெளியூர்க் குழுக்கள் எழுதி வைத்திருக்கிற வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது. நாம் சைக்கிள் ஓட்டுவது பாலக்காட்டுக் கணவாயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல் அது. வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் ஆவணி, புரட்டாசி வரை மேல்காற்று இந்த வாசலில் நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று கிழக்கே பாயும். அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கார்த்திகைக்கு மேல் திசை மாறிவிடும். கிழக்கிலிருந்து மேற்கே வீசும். திருச்சூர்க்காரர்கள் விருச்சிகக் காற்று என்று சொல்வது இதைத்தான்.

ஆடியில் பாலக்காடு போனால் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. கஷ்டத்தை முதலில் அனுபவித்து முடித்துவிடுகிறோம். அது பரவாயில்லை. மார்கழி, தை மாதங்களில்தான் ஆபத்து. காலையில் பாலக்காடு நோக்கிக் கிளம்பினால் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவது போலச் சைக்கிள் பறக்கும். புதிதாக வந்தவர்கூட 27, 28 என்று போவார். "தம்பி நல்லா மிதிக்கிறாரே" என்று நாமும் தட்டிக்கொடுப்போம். சுமார் 45 கிலோமீட்டர் போனதே தெரியாது. திரும்பும்போது மணி 10 ஆகியிருக்கும். வெயில் தலைக்கு மேலே, காற்று முகத்துக்கு நேரே. ஒரு தை மாதத்தில் எங்கள் குழுவில் 3 பேர் கொழிஞ்சாம்பாறைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

காற்றின் எதிர்ப்பு, காற்று நம் மேல் மோதுகிற வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காற்றே இல்லாத நேரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நம் மேல் மோதுவது 20 கிலோமீட்டர் வேகக் காற்று. எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் மோதுவது 40. வேகம் இரண்டு மடங்கு ஆனால் தடுக்கிற விசை நான்கு மடங்கு. "போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், இரண்டும் சரியாகிவிடும்" என்று நானும் நினைத்திருக்கிறேன். சரியாகாது. பின்காற்றில் சீக்கிரம் வந்துவிடுவதால் அது உதவுகிற நேரம் குறைவு. எதிர்காற்றில் ஊர்வதால் அது அடிக்கிற நேரம் அதிகம்.

ஆகவே பாதை போடும்போது தூரத்துக்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை நாங்கள் இப்போது கிழக்கே, உடுமலைப் பக்கம்தான் முதலில் போகிறோம். காலைக் குளிரில், கால் புதிதாக இருக்கும்போதே எதிர்காற்றைச் சமாளித்துவிட்டு, வரும்போது பின்காற்றில் வீடு சேர்கிறோம். பாலக்காட்டுக்கே போக வேண்டுமென்றால் தூரத்தைப் பாதியாகக் குறைக்கிறோம். எதிர்காற்றில் வலுவானவர்கள் முறை மாற்றி முன்னால் போக வேண்டும். முன்னால் போகிறவரின் மறைவில் போகிறவருக்குக் கணிசமான உழைப்பு மிச்சம். அந்த மறைவை, அன்றைக்கு யார் திணறுகிறார்களோ அவர்களுக்குக் கொடுங்கள்.

ஆனால் ஒட்டிப் போவதையும் சொல்லிக்கொடுத்துத்தான் செய்ய வேண்டும். முன் சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தன் முன் சக்கரத்தை நுழைத்துக்கொண்டு போவதைப் புதியவர்கள் தெரியாமலே செய்வார்கள். முன்னால் இருப்பவர் ஒரு குழிக்காகச் சற்று விலகினால் இரண்டு சக்கரமும் உரசும். விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான். பழகும்வரை ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு, நேர் பின்னாலேயே வரச் சொல்லுங்கள். குழி, ஜல்லி, நாய் எதுவானாலும் முன்னால் போகிறவர் கையைக் காட்டிக் கத்த வேண்டும். அது கடைசி ஆள் வரை வாய்மாற்றிப் போக வேண்டும்.

முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரிவதில்லை

18 பேர் ஒரே வரிசையில் போவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ரயில் இல்லை, ரப்பர். ஒரு வேகத்தடையில் ஒவ்வொருவரும் ஒரு வினாடி தயங்கினால் பத்தாவது ஆள் 10 வினாடி பின்தங்குகிறார். 25 கிலோமீட்டர் வேகத்தில் 10 வினாடி என்றால் சுமார் 70 மீட்டர். அதை எட்டிப்பிடிக்க அவர் 28-ல் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் மிதிக்க வேண்டும். பிடிப்பதற்குள் அடுத்த வேகத்தடை வந்துவிடும். முன்னால் போகிறவர் ஒரே சீராகத்தான் போய்க்கொண்டிருப்பார். கடைசி ஆள் காலையிலிருந்து ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் கடைசியில் வருவது பெரும்பாலும் புதியவர், வயதானவர், அல்லது அன்றைக்கு உடம்பு சரியில்லாதவர்.

8 பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் திருப்பத்துக்கும் பிறகு முன்னால் போகிறவர் கொஞ்ச தூரம் மெதுவாக ஊர வேண்டும். பின்னாலிருந்து "வந்தாச்சு" என்று குரல் வந்த பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

குழுவின் வாலில் பின்காப்பாக வருவதற்கென்றே ஒருவரை முதலிலேயே நியமியுங்கள். அன்றைக்கு மெதுவாக வருகிறவரையே அந்த இடத்தில் விட்டுவிடுவதுதான் பல குழுக்களில் நடக்கிறது. அவர் பின்காப்பு இல்லை, பின்தங்கியவர். பின்காப்பாக வருகிறவர் குழுவிலேயே நன்றாக மிதிக்கிற, பஞ்சர் ஒட்டத் தெரிந்த, பொறுமையுள்ள ஆளாக இருக்க வேண்டும். அவருக்கும் முன்னால் போகிறவருக்கும் போன் இணைப்பு வேண்டும். இந்த வேலையை ஒரே ஆள் தலையில் கட்டாமல் வாரம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்காப்பாக வருகிறவர் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் காது கொடுக்க வேண்டும். "நீங்க போங்கண்ணா, நான் மெல்ல வந்தர்றேன்." நம் ஊரில் உதவி வேண்டுமென்று யாரும் நேராகக் கேட்பதில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவாக இருக்கிறோமே என்ற கூச்சத்தில் இப்படித்தான் சொல்வார்கள். இதைக் கேட்டால் போகக் கூடாது. நிற்க வேண்டும்.

வழி, தண்ணீர், பஞ்சர்

கோபாலபுரம் பாலக்காட்டுச் சாலையில் இருக்கிறது. கோவிந்தாபுரம் கொல்லங்கோட்டுச் சாலையில் இருக்கிறது. போதாததற்கு மீனாட்சிபுரமும் உண்டு. "புரம் செக்போஸ்ட்டில் சந்திப்போம்" என்று சொல்லி, இரண்டு பேர் வேறு சாலையில் போன கதை எங்களிடம் இருக்கிறது. வரைபட இணைப்பை அனுப்பினால் மட்டும் போதாது, ஊர்ப் பெயரை வாயாலும் சொல்லுங்கள். திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் நின்று, பின்காப்பு வந்த பிறகு கிளம்பட்டும்.

எல்லை தாண்டுகிறோம் என்றால் அந்தப் பக்கத்துச் செய்தியையும் முந்தின நாளே பார்க்க வேண்டும். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் சாலை காலியாக இருக்கும், ஆனால் குடிக்க ஒரு சோடா கிடைக்காது. பங்குனிப் பிற்பாதியில் வரும் நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழா நாளில் கொல்லங்கோடு தாண்டிப் போவதை மறந்துவிடலாம். முதலமடையில் மாங்காய் சீசன் என்றால் லாரி நெரிசல் இருக்கும். ஜல்லி, எம் சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் எல்லாப் பருவத்திலும் உண்டு. இதையெல்லாம் தவிர்க்கத்தான் சீக்கிரம் கிளம்புகிறோம். ஆனால் ஆனி மாதத்தில் 6 மணிவாக்கில் உதிக்கிற சூரியன் தை மாதத்தில் 6:40 ஆகியும் வராது. வருடம் முழுக்க 5 மணி என்று வைத்துவிட்டு, முன் விளக்கும் பின் விளக்கும் இல்லாதவர்களை இருட்டில் அழைத்துப் போகக் கூடாது. விளக்கு இல்லையென்றால் விடிந்த பிறகு கிளம்பலாம்.

இளநீர் கிடைக்கிற ஊர் என்பதால் தண்ணீர் விஷயத்தில் நமக்கு ஒரு அசட்டுத் தைரியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் அதிகம் இழப்பது சோடியம்தான். மாசி, பங்குனி வெயிலில் இரண்டு இளநீர் குடித்துவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காமல், கூடவே உப்புக்கடலையோ, ஓஆர்எஸ் பொட்டலமோ வைத்துக்கொள்ளுங்கள். 1 லிட்டருக்கான பொட்டலத்தை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டக் கூடாது.

பஞ்சர் பையில் நடக்கிற தவறு ஒன்றே ஒன்றுதான். பை இருக்கும், பொருந்தாது. 18 சைக்கிளில் 26 அங்குலம், 27.5, 29, 700சி என்று நான்கு அளவு டயர் இருக்கும். வால்விலும் மெல்லிய ப்ரெஸ்டா, மோட்டார் சைக்கிள் போன்ற ஷ்ரேடர் என்று வகை உண்டு. வழியோரப் பஞ்சர் கடையில் ப்ரெஸ்டாவுக்குக் காற்று ஏறாது, அதற்கென்று சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையே திறந்திருக்காது என்பது வேறு. அவரவர் அளவு ட்யூப் அவரவரிடம் இருக்க வேண்டும். பம்பு, டயரைக் கழற்றும் லீவர், அடாப்டர் பின்காப்பிடம் இருந்தால் போதும்.

ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் குழு ரைடாகவே நினைக்க வேண்டாம். ஏறும்போது அவரவர் வேகம், இறங்கும்போது நல்ல இடைவெளி, வளைவுக்கு முன்னாலேயே பிரேக். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். யானை நடமாட்டம் உள்ள பாதை. ஆகவே ஆழியாறு செக்போஸ்ட்டில் விசாரிக்காமல் மேலே போகக் கூடாது.

யாராவது விழுந்துவிட்டால், நாலைந்து பேர் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவோம். அது நல்ல மனது, ஆனால் தவறு. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் அசைக்கக் கூடாது. இரண்டு பேர் சாலையின் இரு பக்கமும் போய் வண்டிகளை மெதுவாக்கட்டும், ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆம்புலன்சுக்கு அதே எண்தான். எல்லையோரத்தில் போன் எந்த மாநிலத்துக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. எனவே முதலில் மாநிலத்தையும் ஊரையும் சொல்லிவிட்டு, அப்புறம் விவரம் சொல்லுங்கள். உதவி செய்கிறவரைச் சட்டம் பாதுகாக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென்றே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வழியில் நிற்கிறவர்களுக்கும் அதைச் சொன்னால் பயமில்லாமல் கை கொடுப்பார்கள்.

பலர் ரைடை முடிக்கிற இடமும் தவறானது. ஊருக்குள் நுழைந்ததும் ஆளாளுக்கு ஒரு தெருவில் திரும்பி, கையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். களைப்பில், பசியில், ஞாயிற்றுக்கிழமைப் போக்குவரத்தில் இன்னும் 6 கிலோமீட்டர் தனியாக ஓட்ட வேண்டியவர் அதில் இருப்பார். எங்கள் குழுவில் இப்போது எல்லோரும் "வீடு சேர்ந்துட்டேன்" என்று ஒரு வரி போடுகிறார்கள். காலையில் எழுதிய அந்தத் தாளில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வருகிறேன். கடைசிப் பெயர் அடிபடும்வரை அது என் சட்டைப்பையில்தான் இருக்கும்.