கம்பெனி டர்போவுலயே பூஸ்ட் ஏத்தப் போறீங்களா, மொதல்ல லீக் பாருங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் டர்போ பெட்ரோல் கார் வச்சிருக்க தம்பிங்க கேக்குறதே இதான், கம்பெனி டர்போவுலயே பூஸ்ட்ட, அதாவது டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தத்த, கொஞ்சம் ஏத்தலாமா அண்ணேன்னு. ஏத்தலாம், ஆனா அதுக்கு முன்னாடி பானெட்டத் தெறந்து இன்டர்கூலர் (டர்போ தள்ளுற காத்தக் குளுர வைக்கிறது) ஹோஸ் கிளாம்ப் எல்லாத்தையும் பாருங்க, ஆயில் கசிஞ்சு அதுமேல நம்மூர் செம்மண் புழுதி அப்பிக் கெடந்தா அங்க காத்து லீக் ஆகுதுன்னு சந்தேகப்படணும், லேசா காத்து அடைச்சு சோப்புத் தண்ணி தெளிச்சா நுரை கட்டிக் காட்டிக்குடுத்துரும். லீக்கோட பூஸ்ட் ஏத்துனா அந்தக் காத்த ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமா சுத்தும், ஆயுசு கொறையும்.

அப்புறம் பூஸ்ட்ட 1 பிஎஸ்ஐ, 1 பிஎஸ்ஐயா (காத்தழுத்தத்த அளக்குற அளவு) மட்டும் ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் லாக் (ஓடும்போது இன்ஜின் அளவுகளப் பதியுறது) எடுத்துப் பாருங்க, நாக் (பெட்ரோல் நேரங்கெட்டுத் தானா வெடிக்கிறது) வந்து ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்பார்க் டைமிங்க கொறைக்க ஆரம்பிச்சா அதோட நிப்பாட்டி ஒரு படி எறக்கிருங்க. ஃபுல் த்ராட்டில் டெஸ்ட்டெல்லாம் டைனோவுல (வண்டிய ஒரே எடத்துல உருளை மேல ஓட்டிப் பாக்குற மெஷின்) வச்சுக்கங்க, ஆடு மாடு குறுக்க வர்ற ரோட்டுல வேணாம்.

மார்கழிக் காலையில நல்லா ஓடுற டியூன் சித்திரை மதியத்துல நாக் அடிக்கும், உள்ள போற காத்தே அவ்ளோ சூடு. 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் பண்ணிட்டு அதவிடக் கொறைஞ்ச ஆக்டேன் போடவே கூடாது.

வேஸ்ட்கேட் (பூஸ்ட்டக் கட்டுப்படுத்துற வால்வு) ராட மட்டும் முறுக்கிவிட்டா போதும்னு யாராச்சும் சொன்னா கும்புடு போட்டு வந்துருங்க, ஓவர்பூஸ்ட் ஆகி வண்டி பவரக் கொறைச்சுக்குற லிம்ப் மோடுக்குப் போயிரும். வாரண்டி இருக்க வண்டின்னா முடியுறவரைக்கும் கையே வைக்காதீங்க.