ஆர்-ல் கூட்டுத்தொகை குறைந்தது: ஏலக்காய்க் கணக்கில் என் அனுபவம்

போடியில் ஏலக்காய்க் கடைக்குக் கணக்குப் பார்க்கிறேன். போடி, புத்தடி ஏலங்களில் எடுத்த சரக்கை மையம், மாதம், தரம் என மூன்றின்படியும் பிரித்துக் கூட்ட வேண்டும். புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) நிரல்மொழியில், குழுவாரியாகக் கூட்டும் அக்ரிகேட் (aggregate) கட்டளைக்குள் 'சிபைண்ட்(எடை, தொகை) ~ மையம் + மாதம் + தரம்' கொடுத்தேன். அட்டவணை வந்தது. ஆனால் புத்தடியின் 8 மி.மீ. காய் எடை கொள்முதல் நோட்டைவிடக் குறைந்தது.

பில் வராத லாட்டுகளில் (ஏலத்தில் எடுத்த சரக்குத் தொகுதிகளில்) தொகை காலி, அதாவது மதிப்பு இல்லை என்று ஆர் காட்டும் என்ஏ (NA). இப்படி '~' போட்டு ஃபார்முலாவாகக் கொடுத்தால் அக்ரிகேட், ஒரு பத்தியில் என்ஏ இருந்தாலே அந்த வரிசையை முழுசாகத் தூக்கிவிடும். எடை சரியாக இருந்தாலும் அதுவும் கூடவே போகும். எச்சரிக்கை எதுவும் வராது; அதுதான் ஆபத்து.

'என்ஏ.ஆக்‌ஷன் = என்ஏ.பாஸ்', கூடவே 'என்ஏ.ஆர்எம் = ட்ரூ' சேர்த்ததும் எடை நோட்டோடு ஒத்துப்போனது. முதலாவது என்ஏ உள்ள வரிசையையும் உள்ளே விடும்; இரண்டாவது கூட்டும்போது என்ஏவை மட்டும் விட்டுவிடும். இந்தத் தொகையை இந்த எடையால் வகுத்து கிலோ விலை போட்டுவிடாதீர்கள். விலை குறைவாகத் தெரியும். பில் வந்த லாட்டுகளை மட்டும் தனியே எடுத்துத்தான் சராசரி போட வேண்டும்.

தரம் எழுதாத வரிசைகள் இதற்குப் பிறகும் விடுபடும். ஆர்-ன் கூடுதல் தொகுப்பான டிபிளையரில் (dplyr) உள்ள குரூப்_பை (group_by) கட்டளை அவற்றை என்ஏ என்றே தனிக் குழுவாகக் காட்டும். அதனால் இப்போது முதலில் அதைத்தான் ஓட்டுகிறேன்.